முப்பத்திரண்டு கேரியர், ஒரு ‘சும்மா’

நீங்கள் எழுதியிருப்பது பொய்.

பள்ளிக்கூட ஆண்டு விழா மலரில் நாட்டுப் பொருளாதாரத்தில் சேவைத் தொழில்களின் பங்கு என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் நான் வருகிறேன். பெயர் போடவில்லை. ஆனால் அது நான்தான். உங்களுக்குத் தினமும் கேரியரில் சோறு கொண்டுவந்த ஒரு எளிய பெண்மணி இருந்தாளாம். அவள் செய்ததும் ஒரு தொழில்தான் என்று அன்றைக்கே நீங்கள் மதித்தீர்களாம். நாட்டைத் தாங்குவது இப்படிப்பட்ட கைகள்தான் என்று அன்றைக்கே உணர்ந்தீர்களாம்.

மதிக்கவில்லை. உணரவும் இல்லை. நடந்தது வேறு.

இந்த மலரை நான் இப்போது சமைக்கிற பெண்கள் விடுதியின் வார்டன் அம்மா சமையற்கட்டுக்கே எடுத்துவந்து வாசித்துக் காட்டினார். “ஒங்கள மாதிரியே ஒருத்தர பத்தி எழுதியிருக்காரு பாருங்க” என்று சந்தோஷமாகத்தான் வாசித்தார். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை புளித்தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை. திட்டியிருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது. நீங்கள் பாராட்டியிருந்தீர்கள்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள். திருத்துவது உங்களுக்குப் பழக்கமான வேலைதான். ஒரே ஒரு பிழையைத் திருத்தச் சொல்லி உங்களிடம் வந்தேன். அதை மட்டும் நீங்கள் திருத்தவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்பகரத்தூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பார்த்தார், மிச்ச நேரம் கூலிக்குப் போனார். ஆற்றில் தண்ணீர் வந்தால் வேலை. வராவிட்டால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம்.

காரைக்கால் ஆபீசுகளுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஆட்களை மாற்றிப் போடுவார்கள். அவர்களுக்கு அது காட்டுக்கு அனுப்பின மாதிரி. குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, இங்கே ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள். அப்படி வயிறு கெட்ட ஒருவர் எங்கள் ஊருக்கு நிலம் அளக்க வந்தார். வெயிலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். ரசம் சோறு போட்டேன். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“இந்த ரசத்த தெனம் காரைக்காலுக்கு அனுப்ப முடியுமாம்மா?” என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு கேரியர் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அப்படித்தான் எடுப்புச் சாப்பாடு ஆரம்பமானது. ஒன்று மூன்றாகி, மூன்று பன்னிரண்டாகி, எழுபதுகள் முடியும்போது முப்பத்திரண்டு கேரியர் ஆகிவிட்டது. ஆபீஸ்காரர்கள், பாங்குக்காரர்கள், மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் அம்மா, பள்ளிக்கூடத்தில் நாலு வாத்தியார்கள். அந்த நாலில் ஒருவர் நீங்கள். சமூகப் பாடம் எடுத்தீர்கள்.

மூன்றடுக்குக் கேரியர். அடித்தட்டில் சோறு, நடுவில் குழம்பு, மேலே காய். ரசத்துக்குத் தனித் தூக்கு. மீன் சாப்பிடுகிறவர் கேரியரில் சிவப்பு நூல் கட்டுவேன், சைவத்துக்கு வெள்ளை. நிலம் அளக்க வந்தவருக்குக் காரம் ஆகாது, அவருக்கு நீல நூல். உங்களுக்கு வெள்ளை. கூடவே ஒரு முடிச்சு, ஏனென்றால் நீங்கள் கத்திரிக்காய் சாப்பிட மாட்டீர்கள். முப்பத்திரண்டு வயிறும் எனக்கு மனப்பாடம். யாருக்கு எது சேரும், யார் திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பிப் பசியோடு இருப்பார், யார் சனிக்கிழமை ஒருபொழுது, எல்லாம் தெரியும். எதையும் எழுதி வைத்ததில்லை.

கோழி கூப்பிட அடுப்பு பற்ற வைத்தால் பத்தரை மணி பஸ்ஸுக்குக் கூடை கட்டி முடித்துவிடுவேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரிக்‌ஷாக்காரர் பாங்குக்கும் ஆபீசுக்கும் எடுத்துப் போவார். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நானே நடப்பேன். அதனால் என் முகம் உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஸ்டாப் ரூம் வாசலில் தினமும் பார்த்த முகம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்தில், வீடு வீடாகக் கணக்கு எடுத்தார்கள். யார் வீட்டில் எத்தனை பேர், யார் என்ன தொழில், கூரையா ஓடா, ஆடு மாடு எத்தனை என்று. வாத்தியார்களுக்கு ஊர்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர் உங்களுக்கு விழுந்தது. பெரிய நோட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். எனக்கு ஒரே பெருமை. என் சோற்றைச் சாப்பிடுகிறவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நாற்காலி இல்லாமல் அடுத்த வீட்டில் வாங்கிப் போட்டேன். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

“நேத்து வத்தக்குழம்பு பிரமாதம்மா.”

சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தீர்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“நீங்க?”

“வெவசாயம் சார்.”

“வீட்டம்மா?”

“அதுவா. அது சும்மாதாங்க இருக்குது.”

எழுதினீர்கள். தலையைத் தூக்கவில்லை. நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து அன்றைக்குக் கேரியர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு கேரியர், தட்டு தட்டாகக் கழற்றினால் வாசல் முழுக்கப் பாத்திரம். நீங்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தீர்கள். தாண்டித்தான் வெளியே போனீர்கள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் ‘சும்மா இருக்கு’ என்றால் கூலிக்குப் போகவில்லை என்று அர்த்தம், புருஷன் வைத்துக் காப்பாற்றுகிறான் என்று அர்த்தம். காலையிலிருந்து இடுப்பொடியக் களை பறித்துவிட்டு வந்தவளைக் கேட்டாலும் சும்மாதான் இருக்கேன் என்பாள். யாராவது “எப்படி இருக்கே” என்றால் நல்லாருக்கேன் என்கிறோமே, அந்த மாதிரி. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத தேசத்திலிருந்து நீங்கள் வரவில்லை. நீங்கள் சாப்பிட்ட வத்தக்குழம்பு சும்மா வந்ததா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எதுவும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மாசியில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் எங்கள் பஸ் திருநள்ளாற்றில் நிரம்பி வழியும். குளத்தில் முழுகிவிட்டுச் சனீஸ்வரனைக் கும்பிட்டவர்கள் ஈரத்தலையோடு ஏறுவார்கள். அன்றைக்கு வெளியூர்க்காரர் ஒருவர் புது வேட்டியோடு என் கூடை பக்கத்தில் நின்றார். குறுக்கே ஆடு வந்தது, டிரைவர் பிரேக் அடித்தார், கூடை சரிந்தது. சிவப்பு நூல் கட்டின கேரியர் ஒன்றின் கொக்கி கழன்று காலா மீன் குழம்பு முழுக்க அவர் வேட்டியில்.

“இப்பத்தான்யா சனி விட்டுதுன்னு குளிச்சிட்டு வர்றேன்” என்றார் அவர்.

“எங்க விட்டுது சார். மீன் வேசத்துல ஏறிட்டாருல்ல” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர், “கொழம்பு வாசன நல்லாருக்கே, யாரு வூட்டுது” என்றார். வேட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காரைக்காலில் இறங்கி நேராக பஸ் முதலாளியிடம் போய்விட்டார். திங்கட்கிழமை நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது கண்டக்டர் கையைக் குறுக்கே வைத்தார்.

“நீங்க ஏறுங்கக்கா. கூடை ஏறக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு.”

“நான் மட்டும் ஏறிப் போயி என்னத்த பண்றது?”

“நான் என்னக்கா செய்யறது” என்றார். அவரும்தான் என்ன செய்வார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். கோடைகாலம், நிலத்தில் வேலை இல்லை. அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் வரைக்கும் வெயிலில் மிதித்தார். நான் பஸ்ஸில் வெறுங்கையோடு போய் அங்கே வாங்கிக் கொடுத்தேன். ஒரு நடைக்குப் பதினாலு கேரியருக்கு மேல் கட்ட முடியாது. மிச்சம் பதினெட்டுப் பேருக்கும் சோறு இல்லை. பதினாலும் ஆறிப்போய்த்தான் சேர்ந்தது. நர்ஸ் அம்மா மட்டும், “பரவால்ல சேச்சி, நான் சூடு பண்ணிக்கிறேன்” என்று சொல்லும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஆற்றில் தண்ணீர் விட்டால் என் வீட்டுக்காரர் வயலுக்குப் போயாக வேண்டும். அதற்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் என் அடுப்பு அணைந்துவிடும்.

வழியும் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிறுதொழில் செய்கிறவர்களுக்காக ஓட்டுக்கூரை போட்டு வரிசையாகப் பத்து அறை கட்டியிருந்தார்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், வெளியே குழாய். எனக்கு அதில் ஒன்று கிடைத்தால் போதும். விடிகாலை முதல் பஸ்ஸில் வெறுங்கையோடு போய் அங்கேயே சமைத்து அங்கேயே கட்டிக் கொடுப்பேன். கூடை பஸ் ஏற வேண்டாம். கிராமத்து ஆட்கள் என்றால் கொம்யூன் ஆபீஸ் வழியாகத்தான் மனுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன்.

கிளார்க் நல்ல மனிதர்தான். உங்கள் நோட்டை எடுத்துப் பிரித்தார். விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“ஒங்களுக்குத் தொழில் இல்லன்னு இருக்கே.”

“முப்பத்திரண்டு பேருக்குச் சோறு போட்டவ சார் நான்.”

“இங்க அப்படி இல்லியேம்மா.”

நோட்டை என் பக்கம் திருப்பினார். படிக்கத் தெரிந்தவள் என்பதால் படித்தேன். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும். கேரியருக்குள் சீட்டு வைப்பீர்களே, நாளைக்குத் தயிர் வேண்டாம் என்று, அதே கையெழுத்து. என் வீட்டுக்காரர் பேருக்கு நேராக விவசாயம். என் பேருக்கு நேராக ‘வீட்டில் சும்மா இருக்கிறார்’.

அடுத்த வரிகளையும் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் வரிசையாகச் சும்மா இருந்தார்கள். தலையில் மீன் கூடையோடு ஊர் ஊராகப் போகிறவள் சும்மா. ஊருக்கே துணி வெளுக்கிறவள் சும்மா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் சும்மா. பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சி சும்மா. அவள் கையில்தான் அந்த நோட்டில் பேர் இருக்கிற பாதிப் பேர் பிறந்தார்கள். ஒரு ஊரில் பாதியை ஒரு வார்த்தையில் அடித்துவிட்டீர்கள். அதே நோட்டில் ஆடுகளை மட்டும் ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறீர்கள்.

கிளார்க் தண்ணீர் கொடுத்தார். “கணக்கெடுத்த வாத்தியாரே தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா சேத்துக்கலாம்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாங்க” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வாத்தியார் யார், நம்ம சோறு சாப்பிடுகிறவர்தானே. ஒரு வரிதானே. பஸ்ஸில் வரும்போது அந்த அறையில் அடுப்பை எந்த மூலையில் போடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் உங்கள் கேரியரோடு வந்தேன். நீங்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். விஷயத்தைச் சொன்னேன்.

“ஏம்மா, அது அரசாங்கப் பதிவேடு. நெனச்சா மாத்த முடியுமா?”

“தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்னாரு சார்.”

“தப்பு எங்கம்மா இருக்கு? ஒங்க வீட்டுக்காரர் சொன்னத எழுதினேன்.”

“நீங்க தெனம் சாப்புடுறீங்களே சார்.”

“சாப்பிடறேன். எங்கம்மா சமைச்சாலும் சாப்பிடத்தான் செய்யறேன். அது தொழிலா?” பக்கத்தில் இருந்த வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினீர்கள். “தொழில்னா ஒரு பொருள் உண்டாகணும்மா. வெவசாயி நெல்லு வெளைவிக்கிறான். நெசவாளி துணி நெய்யறான். நாடு வளர்றது அதுல. ஒங்களுது மத்தியானம் இருக்கு, சாயங்காலம் பாத்தா இல்ல. அத எந்தக் கணக்குல சேக்கறது? பொய் எழுதச் சொல்றீங்களா?”

பேசிக்கொண்டே கேரியரின் கொக்கியை எடுத்தீர்கள். மேல் தட்டைத் திறந்து பார்த்தீர்கள்.

“இன்னிக்கு முருங்கக்கீரையா” என்றீர்கள்.

ஒரே வாய். அந்த வாய்தான் இது தொழில் இல்லை என்றது, அந்த வாய்க்குத்தான் நான் காலையில் கீரை ஆய்ந்தேன். உங்களுக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை என்பதுதான் என்னை அதிகம் அடித்தது. நீங்கள் வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. வேண்டுமென்று செய்கிறவனிடம் சண்டை போடலாம். நீங்கள் அதை நிஜமாகவே நம்பினீர்கள்.

எனக்கு அங்கே பதில் வரவில்லை. திருநள்ளாறு தாண்டும்போது பஸ்ஸில்தான் வந்தது. அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீங்கள் காலையில் நடத்தின பாடம் சாயங்காலம் எங்கே இருந்தது? அதைத் தராசில் வைத்துக் காட்டுவீர்களா? நர்ஸ் அம்மா போட்ட கட்டைச் சந்தையில் விற்க முடியுமா? கண்டக்டர் கொண்டுபோய் இறக்கிவிட்ட பயணத்தை எந்தக் களத்தில் குவிப்பீர்கள்? காரைக்காலில் அப்போது என்ன ஆலை இருந்தது? ஆபீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், லாட்ஜ், ஹோட்டல், பஸ் ஸ்டாண்ட். தமிழ்நாட்டில் மதுவிலக்கு என்று எல்லை தாண்டி வந்தவனுக்கு ஊற்றிக் கொடுக்கிற கடை. அந்த ஊரே ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஏதோ செய்து கொடுத்துத்தான் பிழைத்தது. நெல் விளைந்தால் போதுமா? அதை அவித்து, குத்தி, பொங்கி, பசிக்கிறவன் முன்னால் கொண்டுபோய் வைக்க ஒரு ஆள் வேண்டாமா? நெல்லோடு நிறுத்தினால் நீங்கள் நெல்லையா மென்றிருப்பீர்கள்?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை காலையில் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்கங்க கெளம்புறீங்க?”

“நான் சொன்னதுதான அவரு எழுதுனாரு. நானே போயி சொல்றேன்.”

கொம்யூன் ஆபீசில் அன்று கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எங்கள் ஊர் ஆட்களே மூன்று பேர். என் வீட்டுக்காரர் அதிகாரிகள் முன்னால் பேசிப் பழகாதவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளார்க் மேஜை முன்னால் நின்று சத்தமாகவே சொன்னார்.

“தப்பு என்னுதுங்க. சும்மா இருக்குன்னு நாந்தான் சொன்னேன். அது ஒரு நாளு சும்மா இருந்து நான் பாத்ததுல்ல. பாதி வருசம் நாந்தான் சும்மா இருக்கேன். எனக்கு வெவசாயம்னு போட்டிருக்கு. அதுக்குச் சும்மான்னு போட்டிருக்கு. ரெண்டையும் மாத்திப் போடுங்க.”

“மாப்ள, பொண்டாட்டி சம்பாரிச்சுத்தான் திங்கிறியா” என்றான் எங்கள் ஊர்க்காரன் ஒருவன்.

“ஆமா. நீ ஒன் பொண்டாட்டிய கேட்டுட்டு வா” என்றார்.

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு ஆம்பளை, நாலு பேர் நடுவில், என் மேல் தப்பு என்று சொல்ல முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கிளார்க்குக்கும் முகம் மாறிவிட்டது. ஆனால் அவரால் முடியாது. “எனக்குப் புரியுதுங்க. வாத்தியார் கையெழுத்துதான் வேணும்” என்றார்.

அறை கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் குடம் விற்கிறவர் ஒருவருக்குப் போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் காட்டுவதற்குக் குடம் இருந்தது. பாதி நாள் அந்த அறை பூட்டியே கிடக்கும். உள்ளே குடங்கள் சும்மா இருக்கும்.

திங்கட்கிழமை உங்களுக்குக் கேரியர் வந்தது. நன்றாகத் தேய்த்து, மூன்று தட்டும் அடுக்கி, வெள்ளை நூல் கட்டி, முடிச்சும் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். எல்லா வாத்தியார்களும் இருந்தார்கள். மேல் தட்டைத் திறந்தீர்கள். நடுத்தட்டைத் திறந்தீர்கள். அடித்தட்டையும் திறந்தீர்கள்.

“என்னம்மா இது, ஒண்ணுமே இல்ல?”

“சும்மாங்க” என்றேன்.

வந்துவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பசிக்கிறவன் முன்னால் காலிப் பாத்திரத்தை வைத்தது தப்பு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். நான் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன், பாருங்கள். அது ஒன்றும் அவ்வளவு கஷ்டம் இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்தது. சைக்கிள் நின்றது. கேரியர்களை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். சிலர் வாங்கிக்கொள்ளவே வரவில்லை. அந்த நாலு கேரியர் இன்னும் என் வீட்டுப் பரணில் நூலோடு கிடக்கிறது.

நர்ஸ் அம்மாதான் எங்கோ விசாரித்து ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனது. சேர்ந்த அன்று வார்டன் அம்மா பதிவேட்டில் என் பேரை எழுதி, தொழில் என்ற இடத்தில் ‘சமையல்’ என்று எழுதினார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மனு இல்லை, கையெழுத்து இல்லை. அதே கை. அதே குழம்பு. மத்தியானம் இருக்கிறது, சாயங்காலம் பார்த்தால் இல்லை. அது மாறவே இல்லை. என் அடுப்பில் வைத்தால் சும்மா, அவர்கள் அடுப்பில் வைத்தால் தொழில். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவுதானா என்று திகைப்பாக இருந்தது. அந்தத் திகைப்பு இன்னும் போகவில்லை.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது. நீங்கள் தலைமை ஆசிரியர் ஆகிவிட்டீர்கள். இப்போது எல்லாரும் சேவைத் தொழில் என்று பேசுகிறார்கள் போலிருக்கிறது, புத்தகத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. நீங்களும் எழுதிவிட்டீர்கள். எழுதுங்கள். புத்தி பிறகு வருவது பாவமில்லை. எனக்கே பதில் திருநள்ளாற்றில்தான் வந்தது. ஆனால் அன்றைக்கே வந்தது என்று ஏன் எழுதினீர்கள்? என்னை ஏன் அதற்குச் சாட்சி ஆக்கினீர்கள்? என் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் சூட்டில் நீங்கள் குளிர் காய்கிறீர்கள்.

வருகிற மாதம் ஓய்வு பெறுகிறீர்கள் என்றும் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பாராட்டு விழா என்றும் அந்த மலரின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. விழாவுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு எங்கள் விடுதிச் சமையற்கட்டிலிருந்துதான் போகிறது. நான்தான் சமைக்கிறேன். பயப்பட வேண்டாம், இந்த முறை பாத்திரம் காலியாக இருக்காது. கத்திரிக்காயும் இருக்காது.

பரிமாறி முடித்துவிட்டு முன் வரிசையில் வந்து உட்காருவேன். என் வீட்டுக்காரரும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். அவர் பத்துப் பேர் முன்னால் தப்பு என்னுது என்று சொன்னவர். படிக்காதவர். உங்களுக்கு முன்னால் மைக் இருக்கும். அதில் சொல்லுங்கள். கேரியர்களைத் தாண்டி வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு ‘சும்மா இருக்கிறார்’ என்று எழுதியது யார்? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி கேட்டு வந்தவளிடம் பொய் எழுதச் சொல்றீங்களா என்று கேட்டது யார்? அப்படியானால் மலரில் எழுதியிருப்பது என்ன?

தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். சீட்டு எழுதி அனுப்ப வேண்டாம். எல்லாரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.